தம்பியின் கறுப்புத் தாங்கி

மொன்றியலுக்கு நான் போனது ஒரு கல்யாணப் பேச்சுக்கு. கழிவுத் தாங்கி கழுவுவதற்கு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் திரும்பி வந்தபிறகு "கனடா எப்படி?" என்று கேட்ட எல்லாருக்கும் நான் தாங்கிக் கதைதான் சொன்னேன், அவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போய்வரலாம் என்று ஆகியிருந்த இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, ஆடி மாதம். தம்பி அன்ரன் மொன்றியலுக்குப் போய்ப் பதினெட்டு வருடம். அவனுடைய ஒரே மகள் ஷாமிலா தனக்கு ஒரு பொடியனைத் தானே பார்த்துவிட்டாள். பொடியன் பெயர் டெனிஸ். மன்னார் ஆட்கள், நல்ல வேலை, எங்களைப் போலக் கத்தோலிக்க வேதம்தான். இரண்டு வீட்டாரும் மூன்று தரம் சந்தித்து ரோல்ஸும் தேத்தண்ணியும் முடித்தாயிற்று. ஆனால் பொடியனின் தாய் புஷ்பம் இன்னும் ஓம் சொல்லவில்லை. "அக்கா, நீங்கள் வந்து கதைச்சால்தான் சரிவரும்" என்று தம்பி போனில் கெஞ்சினான். ஐயாவும் அம்மாவும் இல்லாத வீட்டுக்கு நான்தானே மூத்தவள், போகாமல் என்ன செய்வது.

என் உத்தியோகத்தையும் சொல்லவேண்டும். நகரசபையில் இருபத்தாறு வருடம் கிளார்க். என் மேசைக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கக்கூஸ் குழி நிரம்பிவிட்டது, பவுசர் அனுப்புங்கோ. பெயரையும் தெருவையும் துண்டில் எழுதிக் கொடுப்பேன். அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு, குழியை உறிஞ்சுகிற பவுசரோடு போகிறவர் சூசை. என் வீட்டுக்கும் அவர்தான் வருவார். வேலை முடிந்ததும் நல்ல பால் தேத்தண்ணி ஊற்றி, கேற்றடி மதில் முனையில் கோப்பையை வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று "சூசை, குடியும்" என்பேன். அதைக்கூடச் செய்யாத வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. ஆனால் அவருடைய ஹோஸ் பைப்பை நான் ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

புதன்கிழமை பின்னேரம் மொன்றியலில் இறங்கினேன். கனடா என்றால் குளிர் என்று இரண்டு சுவெற்றர் போட்டிருந்தேன். ஒன்றை விமான நிலைய வாசலில் கழற்றினேன், மற்றதைத் தம்பியின் வான் வண்டிக்குள் கழற்றினேன். எங்கள் ஊர்ப் புழுக்கம் தோற்றுப்போகும். சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கீழே டெப்பனர் என்று ஒரு முடக்குக் கடை, பாலும் பியரும் லொத்தரும் விற்கிறார்கள். படியேறும்போதே என் முழங்கால் கத்தத் தொடங்கிவிட்டது.

மச்சாள் ஜெசிந்தா இடியப்பமும் மீன் சொதியும் வைத்திருந்தா. தம்பிக்கு வயிறு வைத்து, முன்தலை வெளித்துப் போயிருந்தது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு காண்கிற தம்பி, கட்டிப்பிடித்து அழவேண்டும் என்று பிளேனுக்குள்ளேயே தீர்மானித்திருந்தேன். அழ விட்டானா? முதல் இடியப்பம் வாய்க்குள் போகமுன்னர், "அக்கா, நான் ஒரு கம்பிங் டிரெயிலர் வாங்கியிருக்கிறன்" என்று தொடங்கிவிட்டான்.

டிரெயிலர் என்றால் வானுக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சின்ன வீடு. கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளே. வெள்ளைக்காரர்கள் கோடையில் இதைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், அதற்குள் இருந்து காட்டைப் பார்ப்பார்களாம். சண்டையில் இடம்பெயர்ந்த நேரம் ஆறு மாதம் மரத்தடியில் கிடந்தவள் நான். காசு கொடுத்து மரத்தடிக்குப் போவார்களா என்று கேட்டேன். "உங்களுக்கு விளங்காது" என்றான். அந்த ஐந்து நாளும் அவன் எனக்குச் சொன்ன மறுமொழி பெரும்பாலும் இதுதான்.

விஷயம் என்னவென்றால், பங்குக் கோயில் ஆட்கள் வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை எல்லாருமாகக் கம்பிங் போகிறார்கள். புஷ்பம் குடும்பமும் வருகிறது. அவர்களுக்கு ரென்ற் என்கிற கூடாரம், எங்களுக்கு டிரெயிலர். மூன்று நாள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சு முடிந்துவிடும், டிரெயிலர் இருந்தால் மரியாதையாகவும் இருக்கும் என்பது தம்பியின் கணக்கு. ஷாமிலா தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிந்து கோப்பை கழுவும்போது என் காதுக்குள், "மாமி, இந்த முறையும் அவ ஓம் சொல்லாட்டில் இனிச் சொல்லமாட்டா. டெனிஸ் தாயை மீறிச் செய்யமாட்டார். அப்பா ஒண்டும் குழப்பாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். அதைக் கேட்டபிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

வியாழக்கிழமை டிரெயிலரை எடுக்க இல்-பிசாருக்குப் போனோம். தம்பியோடு வேலை செய்கிற ஒருவரின் வீட்டு முற்றத்தில் அது நின்றது. தனி வீடுகள், ஒட்ட வெட்டிய புல், ஆள் சிலமனே இல்லை. தம்பி கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். கக்கூசைக் கடைசியில் காட்டினான்.

"கம்பிங் கக்கூசுகளிலை வெறும் கடதாசிதான் அக்கா. இஞ்சை பாருங்கோ, வாளி, ஜக். எங்கட ஆக்களுக்கு இது பெரிய விஷயம்."

அவன் சொன்னது முழுக்கச் சரி. எங்களைக் கவிழ்த்ததும் அதுதான்.

கீழே இரண்டு தாங்கி. குசினித் தண்ணியும் குளிக்கிற தண்ணியும் போவது சாம்பல் தாங்கி. கக்கூஸ் போவது கறுப்புத் தாங்கி. சுவரில் நாலு சின்னச் சிவப்பு லைற். ஒன்று எரிந்தால் கொஞ்சம், நாலும் எரிந்தால் நிரம்பிவிட்டது. நிரம்பினால் பவுசருக்கு ஆரிடம் சொல்லவேண்டும் என்று கேட்டேன், பழக்கதோஷம். "பவுசர் இல்லை அக்கா. நாங்கள்தான் பைப் பூட்டி ஊத்தவேணும்" என்று தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான். முற்றத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

திரும்பும்போது, லாவாலுக்குப் போகிற படகை அக்காவுக்குக் காட்டவேண்டும் என்று ஆற்றங்கரைக்கு விட்டான். காரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற தட்டைப் படகு, எங்கள் தீவுப் பக்கத்தில் ஓடுவது போல ஒன்று. படகுக்காரர் டிரெயிலரின் நீளத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். இனிப் பின்னுக்கு எடுக்கவேண்டும். ஸ்ரியரிங்கை இடது பக்கம் வெட்டினால் டிரெயிலர் வலது பக்கம் போகிறது. பின்னால் ஏழு கார் நிற்கிறது. முக்கால் மணித்தியாலம் போயிற்று. ஒரு காரிலிருந்து இறங்கி வந்த மனுசி பிரெஞ்சில் ஏதோ கேட்டா. ஷாமிலாதான் மொழிபெயர்த்தாள்: "இதை வாங்கமுதல் உங்கட அப்பா ஒருக்காலும் ஓடிப் பாக்கேல்லையோ எண்டு கேக்கிறா." நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பிங்குக்குப் போய்ச் சேர்ந்தோம். நகரத்திலிருந்து அதிக தூரமில்லை. ஆற்றங்கரை, மரங்கள், மரத்துக்கு மரம் நுளம்பு. பதினைந்து குடும்பங்கள் ரென்ற் அடித்தன. டிரெயிலர் எங்களுடையது மட்டும்தான். தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். சக்கரத்துக்குக் கட்டை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

புஷ்பம் குடும்பம் நோத்ர-டாம்-த-கிரேசிலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்து இடத்தில் இறங்கியது. புஷ்பம் என்னைவிட ஐந்து வயது இளையவ. கம்பிங்குக்கும் கஞ்சி போட்ட சேலை. புருஷன் அருள்நேசன் வாய் திறக்காத மனிதர், வந்த நேரம் தொடக்கம் ரென்ற் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டெனிஸ் "வணக்கம் மாமி" என்றான், பிறகு அவனும் ஷாமிலாவும் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டார்கள்.

புஷ்பத்தின் கதை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விசாரணை இருக்கும். "றீற்றாக்கா, உங்கட கோயிலிலை முன்வரிசை வாங்கு ஆருக்கு?" என்பா. "உங்கட வளவுக்குப் பக்கத்திலை ஆர் ஆக்கள்?" என்பா. இந்தக் கேள்விகள் சாதியில்தான் போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா. எங்கள் பேரன், ஐயாவின் தகப்பன், ஊரையே ஆண்ட விதானையாராக இருந்தவர் என்று ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். அவவின் முகம் கொஞ்சம் இளகியது. ஷாமிலாவின் விஷயம் அரைவாசி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக் குழம்பு, பாண், சம்பல், அவித்த சோளம். போதாததுக்குப் பொடியள் போய்ப் பூட்டின் என்று ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள். உருளைக்கிழங்குப் பொரியலில் சீஸ் கட்டியைப் போட்டுச் சுடச்சுட மண்ணிறக் குழம்பை ஊற்றுகிறார்கள். நல்லாப் பொரிந்த கிழங்கை ஏன் நனைக்கவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாரும் தின்றார்கள்.

சனிக்கிழமை காலை, அவ்வளவையும் தின்ற சனத்துக்குக் கம்பிங் கக்கூசில் தண்ணி இல்லை என்று தெரியவந்தது. அன்ரன் அண்ணையின் டிரெயிலரில் வாளியும் ஜக்கும் இருக்கிறதாம் என்ற செய்தி அரை மணித்தியாலத்தில் பதினைந்து ரென்றுக்கும் போய்விட்டது. முதலில் ஒரு வயதான அம்மா கூச்சத்தோடு வந்து கேட்டா. பிறகு அவவின் மருமகள் வந்தா. பிறகு துவாயும் சோப்புமாக ஒரு வரிசையே நின்றது. ஜெசிந்தா ஒவ்வொருவரையும் "வாங்கோ வாங்கோ" என்று உபசரித்தா. வந்த ஆட்களுக்குச் சோறு முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். கக்கூஸ் தரமாட்டோம் என்று எந்த வாயால் சொல்வது?

பத்து மணிக்கு இரண்டாவது லைற் எரிந்தது. பன்னிரண்டுக்கு மூன்றாவது.

"தம்பி, போய் ஊத்திப்போட்டு வா" என்றேன்.

"இப்பவோ? அங்கை பாருங்கோ."

பார்த்தேன். தாங்கி ஊற்றுகிற இடம் கம்பிங் வாசலடியில் இருந்தது. சீமெந்துத் தளம், நடுவில் மூடி போட்ட ஒரு துவாரம், பக்கத்தில் ஒரு பைப். அதற்கு அடுத்த புல்வெளியில் எங்கள் சனம் முழுக்க வொலிபோல் விளையாடிக்கொண்டிருந்தது. ஒருவர் வீடியோக் கமெராவோடு நின்றார்.

"ஆக்கள் பாப்பினம்" என்றான் தம்பி.

"பாத்தால் என்ன? அவையின்டையைத்தானே ஊத்தப்போறாய்."

"உங்களுக்கு விளங்காது அக்கா. ஒருத்தன் ஊருக்குப் போன் எடுத்தால் காணும். அன்ரன் கனடாவிலை பீ அள்ளுறானாம் எண்டு கதை போகும். புஷ்பமக்கான்ரை காதிலை அப்பிடி ஒரு கதை விழுந்தால் பிள்ளையின்ரை விஷயம் அதோடை சரி."

நான் அவனை அதட்டியிருக்கவேண்டும். அதட்டவில்லை. உள்ளதைச் சொன்னால், அவன் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. விதானையாரின் பேரப்பிள்ளை கழிவுப் பைப்போடு நிற்பதை வீடியோவில் நினைத்துப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. "சரி, இருட்டின பிறகு போ" என்றேன்.

அதுவரை சமாளிக்க, ஒரு கடதாசியில் "பழுது" என்று எழுதிக் கக்கூஸ் கதவில் ஒட்டினேன். ஒட்டிய பசை காயமுன்னர் புஷ்பம் துவாயோடு படியேறி வந்தா. ஜெசிந்தா ஒரே இழுப்பில் கடதாசியைக் கிழித்துக் கவுண் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, "உள்ளை போங்கோக்கா, இப்பதான் திருத்தினது" என்றா. புஷ்பம் உள்ளே போய் இருபது நிமிடம். வாளியில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. நானும் தம்பியும் வெளியில் நின்று அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பின்னேரம் ஏழரைக்குத் தம்பி வாசலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் செத்த முகத்தோடு திரும்பி வந்தான். ஏழு மணிக்கே சங்கிலி போட்டுவிடுகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு லைற்றும் எரிந்தன. தம்பி, "அந்த லைற் சிலநேரம் பொய் சொல்லும்" என்றான். கக்கூஸ் பொய் சொல்லவில்லை. பெடலை அமத்தினால் போனது கீழே போகாமல், குளுக் என்று ஒரு சத்தத்தோடு இரண்டு விரற்கடை மேலே வந்தது. ஷாமிலா எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப்போனாள்.

பத்து மணிக்குப் புல்வெளிக்கு அப்பால் மரங்களுக்குக் கீழே பூசை. எல்லாரும் அங்கே போய்விடுவார்கள், வாசலடியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த ஒரே ஒரு மணித்தியாலம் அதுதான். ஞாயிற்றுப் பூசையைத் தவறவிட்டால் பாவம் என்று தம்பிக்குச் சின்ன வயதில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கு நானே, "பூசை தொடங்கட்டும், நாங்கள் வெளிக்கிடுவம்" என்றேன். ஆரும் கேட்டால் ஐஸ் வாங்கப் போய்விட்டார்கள் என்று சொல்லும்படி ஜெசிந்தாவிடம் சொன்னோம்.

வானில் கொளுவி மெதுவாக இழுத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் சளக் என்று கேட்டது. அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு உள்ளூர்க் கிழவர் அரைக்காற்சட்டையோடு தன் டிரெயிலரை ஊற்றிக்கொண்டு நின்றார். வாயில் சீட்டி. பைப்பைப் பூட்டினார், இழுத்தார், கழுவினார், சுருட்டினார். ஐந்தே நிமிடம். நாங்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு இங்கிலிஷில் சொன்னார்: "முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். பயப்படாதே, உன் வீட்டுச் சாமான்தானே." பிறகு, "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாலு பேர் என்றான் தம்பி.

தம்பியின் பைப் பழசு. சுருக்கிச் சுருக்கி நீட்டுகிற மடிப்புப் பைப், ஒரு இடத்தில் ரேப் சுற்றியிருந்தது. தாங்கியோடு பூட்டுகிற முனையில் இரண்டு கொக்கி, இரண்டும் விழவேண்டும். ஒன்றுதான் விழுந்தது என்பது வால்வை இழுத்தபிறகுதான் தெரிந்தது.

நான் வர்ணிக்கப்போவதில்லை. தம்பியின் சப்பாத்து, என் செருப்பு, என் சேலைக் கரை. அவ்வளவு சொன்னால் போதும். தம்பி வால்வை மூடாமல் பைப்பை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் பாய்ந்தான். இனி முழுவதும் நிலத்தில்தான் போகப்போகிறது என்று தெரிந்தது. நான் குனிந்து இரண்டு கையாலும் அந்தப் பூட்டை இறுக்கிப் பிடித்தேன். கையுறைகூட இல்லை. "வந்து மற்றக் கொக்கியைத் திருப்படா விசரா" என்றேன். வந்து திருப்பினான். கொக்கி விழுந்தது. என் கைக்குள்ளால் பைப் இளஞ்சூடாக, கனமாக ஓடிக்கொண்டேயிருந்தது. புல்வெளிக்கு அங்காலிருந்து ஆராதனைப் பாட்டுக் கேட்டது.

கிழவர் போகாமல் நின்று பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. "நாலு பேரா?" என்று மறுபடி கேட்டார். பிறகு தன் கையுறைகளைக் கழற்றி எங்களிடம் தந்துவிட்டுத் தலையை ஆட்டியபடி போய்விட்டார்.

கறுப்பு முடிந்து சாம்பலைத் திறக்கப் போகும்போது பூசையும் முடிந்துவிட்டது. நாங்கள் நேரத்தைப் பார்க்க மறந்துபோனோம். முதலாவதாக வாசலடிக்கு வந்தவ புஷ்பம். கையில் இரண்டு பேப்பர்க் கோப்பையில் தேத்தண்ணி.

"ஐஸ் வாங்கப் போனனீங்கள் எண்டு ஜெசிந்தா சொன்னவ. பாவம், தேத்தண்ணியும் குடிக்கேல்லை எண்டு..." சொல்லிக்கொண்டே வந்தவ நின்றுவிட்டா. என் கையைப் பார்த்தா. பைப்பைப் பார்த்தா. தம்பியின் சப்பாத்தைப் பார்த்தா. பிறகு இரண்டு கோப்பையையும் சீமெந்துக் கட்டின் முனையில் வைத்துவிட்டுப் பின்னால் போனா. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு அடி.

அந்த நாலடி எனக்கு நல்லாத் தெரிந்த நாலடி.

"அன்ரன்" என்றா புஷ்பம். "நல்லாப் பழகின கை போலை செய்யிறியள். உங்கட பேரன் விதானையார் எண்டு றீற்றாக்கா சொன்னவ. மெய்யாத்தான் விதானையாரோ?"

தம்பி வெளிறிப்போய் என்னைப் பார்த்தான். சொல்லக்கா, சொல்லு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பேரனின் பெயர், வளவின் பெயர், கோயிலில் எங்கள் வாங்கு எத்தனையாவது, எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வசனத்தில் பிள்ளையின் கல்யாணத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். புல்வெளியைக் கடந்து ஷாமிலாவும் டெனிசும் வந்துகொண்டிருந்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்ததும் நடையை நிறுத்தினாள்.

நான் சொல்லவில்லை. நல்ல மனதால் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்கவேண்டாம். கொதியால் சொல்லாமல் விட்டேன். முழங்கால் வலி, செருப்புக்குள் ஈரம், மூக்குக்குள் நாற்றம், மூன்று நாளாக நடந்த விசாரணை, எல்லாம் சேர்ந்து ஏறிவிட்டது.

"விதானையார் கிடக்கட்டும் புஷ்பம்" என்றேன். "இப்ப எங்கட தொழில் இதுதான். நேற்றுத் துவங்கினது. பங்கு முழுக்கச் சேத்து வைச்சதை நாங்கள் ரெண்டு பேரும் அள்ளுறம். நேற்று மத்தியானம் இருபது நிமிசம் நீங்கள் உள்ளை இருந்தனீங்கள். உங்கடையும் இதுக்குள்ளைதான் கிடக்கு."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஷாமிலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. எட்டாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்து, பிள்ளையின் வாழ்க்கையை இந்தத் துவாரத்துக்குள்ளேயே ஊற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது புஷ்பத்துக்குப் பின்னால் வந்த அருள்நேசன் அவவைத் தாண்டி வந்து, சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கழுவுகிற பைப்பைத் திறந்தார்.

"வால்வை மூடாதை அன்ரன்" என்றார். மூன்று நாளில் நான் கேட்ட அவருடைய முதல் முழு வசனம். "இன்னொருக்கால் தண்ணி விடவேணும். அடியிலை நிக்கும்."

"இஞ்சருங்கோ" என்றா புஷ்பம்.

"எனக்குத் தெரியும். இஞ்சை வந்து முதல் மூண்டு வருசம் ஹோட்டலிலை நான் என்ன செய்தனான்? ஒரு நாளைக்கு நாப்பது கக்கூஸ் தேச்சனான்."

"அது ஹவுஸ் கீப்பிங்" என்றா புஷ்பம், மிகவும் மெதுவாக.

"ஓம். நீர் ஊருக்கு அப்பிடித்தான் எழுதினனீர்" என்று சொல்லிக்கொண்டே அவர் பைப்பின் மடிப்புகளை உயர்த்தித் தண்ணியை ஓடவிட்டார். டெனிஸ் வந்து மற்றப் பக்கத்தைத் தூக்கினான். நாலு பேருமாகக் கழுவிச் சுருட்டி உள்ளே வைத்தோம். திரும்பிப் பார்த்தபோது புஷ்பம் போய்விட்டா. சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவிவிட்டு, ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் புஷ்பம் எங்கள் பக்கம் வரவில்லை. ரென்றுக்குள்ளேயே இருந்தா. ஷாமிலா என்னோடு கதைக்கவில்லை, ஜெசிந்தாவும் கதைக்கவில்லை. தம்பி மட்டும் ஒரு தரம், "அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான். எனக்கு அழுகை வந்தது. புதன்கிழமை தேக்கி வைத்ததும் சேர்ந்து வந்தது. கதிரையை மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதேன்.

மூன்று மணிக்கு ரென்ற் கழற்றுகிற நேரம் புஷ்பம் வந்தா. தோளில் துவாய், கையில் சோப்புப் பெட்டி. என்னைப் பார்க்காமல் டிரெயிலரைப் பார்த்தபடி கேட்டா:

"இப்ப வெறுமையாத்தானே கிடக்கு?"

"ஓம். போங்கோ" என்றேன்.

படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றா. "அவரோடை ஹோட்டலிலை நானும் ஒரு வருசம் வேலை செய்தனான் றீற்றாக்கா. அது ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு கதவைச் சாத்திக்கொண்டா. வாளிச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டா. ஷாமிலா டிரெயிலர்ச் சக்கரத்தடியில் குந்தியிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். ஓம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த சித்திரையில் கல்யாணம் நடந்தது.

நான் ஊருக்குத் திரும்பினேன். அந்த வருடக் கார்த்திகை மழையோடு என் வீட்டுக் குழியும் நிரம்பியது. என் பெயரை நானே துண்டில் எழுதிக் கொடுத்தேன். சூசை பவுசரோடு வந்தார். இந்த முறை கிட்டப் போய் நின்று பார்த்தேன். அவருடைய பைப்புக்கு மூன்று கொக்கி. மூன்றும் விழுந்திருக்கிறதா என்று கேட்டேன். "விழுந்திட்டுதம்மா" என்றார், நான் இதை ஏன் கேட்கிறேன் என்று விளங்காமல்.

வேலை முடிந்தது. தேத்தண்ணி ஊற்றினேன். நாங்கள் குடிக்கிற கோப்பையில்தான் ஊற்றினேன். விறாந்தையில் கதிரை போட்டு, "வந்து இருந்து குடியுங்கோ சூசை" என்றேன். இருபத்தாறு வருடம் குடியும் என்ற வாய் மரியாதையாகக் குடியுங்கோ என்றபோது எனக்கே அந்நியமாகக் கேட்டது. "வேண்டாமம்மா, உடுப்பு ஊத்தை" என்று அவர் மதிலடியிலேயே நின்றார். கனடாவில் நானும் இந்த வேலை செய்தேன் என்று சொன்னேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

சரியென்று கோப்பையைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, மதில் முனையில் வைத்தார். நான் நாலடி பின்னால் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகுதான் எடுத்துக் குடித்தார்.